ஆபரேஷன் இல்லாமல் சிறுநீர்க் கசிவை நிறுத்த: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு என்று கடையிலும் கிளினிக்கிலும் ஆன்லைனிலும் விற்கப்படுபவை இன்று ஒரு டஜனைத் தாண்டும். பயிற்சிக் கருவி, எடைக் கூம்பு, மின்தூண்டல் மெஷின், சிலிகான் வளையம், காந்த நாற்காலி, லேசர், மாத்திரை, ஊசி என்று பட்டியல் நீளும். இவற்றில் சில உண்மையாகவே வேலை செய்கின்றன, சில குறிப்பிட்ட பெண்களுக்கு மட்டும் பயன்படுகின்றன, சில வெறும் செலவு. ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு செலவு இருக்கிறது. இடுப்புத்தளத் தசையில் (சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசை) பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டோ மகளிர் மருத்துவரோ, கையுறை போட்ட விரலால் உள்ளே சோதித்து, "இப்போது சுருக்குங்கள், விடுங்கள்" என்று சொல்லிப் பார்க்கும் அரைமணி நேரம் அது. மற்ற எல்லாம் பலிப்பதும் பலிக்காததும் அந்த அரைமணியில்தான் தெரியும்.

முதலில் எந்த வகைக் கசிவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இருமினால், தும்மினால், குனிந்து குடத்தைத் தூக்கினால், ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி ஏறினால் சொட்டுவது அழுத்தக் கசிவு. பூட்டில் சாவியை நுழைக்கும்போதே முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுவது அவசரக் கசிவு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். அழுத்தக் கசிவுக்கு அவசரக் கசிவின் மாத்திரையைச் சாப்பிட்டால் வாய் வறளும், மலம் இறுகும், கசிவு அப்படியே இருக்கும். வகை தெரியாமல் வாங்குவதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

வகையைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கும் போதும். தொடர்ந்து 3 நாள், வேலை நாளும் விடுமுறையும் கலந்து வருகிற மாதிரி எழுத வேண்டும். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எவ்வளவு மி.லி. போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 400 மி.லி. வரை தாங்கும். ஒவ்வொரு முறையும் 100, 120 என்றே நோட்டில் வந்தால், பை நிறையாமலே அவசரம் வருகிறது என்று பொருள். காலை டிகாஷன் காபிக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை என்று வந்தால் காபியைக் குறைத்துப் பார்க்கலாம். பஸ் பயணத்துக்கு முன் தண்ணீரே குடிக்காமல் கிளம்பும் பழக்கமும் நோட்டில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அது உதவுவதே இல்லை. கெட்டியான சிறுநீர் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கல் சேர்ந்து இடுப்புத்தளத்தை இன்னும் அழுத்தும்.

வீட்டு மாத்திரை டப்பாவையும் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அந்த இருமலே கசிவுக்குக் காரணமாகிவிடும். இன்னொரு பிரஷர் மாத்திரையான பிரசோசின் சிறுநீர்க் குழாயின் வாயைத் தளர்த்தும். டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றியதிலேயே பிரச்சினை முடிந்துபோகிறவர்கள் உண்டு. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், பிரசவத்துக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பிறகு நாள் முழுக்க நிற்காமல் ஒழுகுதல், சிறுநீரே போகாமல் அடைத்துக்கொள்வது, முதுகு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் பயிற்சியும் கருவியும் பிறகு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி முதல் சிகிச்சை: இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதை எழுதி வெளியிட்டார். அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் சரியாகச் செய்பவர்கள் குறைவு. 1991-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். நான்கில் ஒருவர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக்கூடியதாக இருந்தது. அவர்கள் உள்ளே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். "ஆறு மாதம் கெகல் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களில் பலருடைய கதை இதுதான். பயிற்சி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அடுத்த கருவியைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

செய்முறை இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொள்ளுங்கள். காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அதே இழுப்பை முன்பக்கம் சிறுநீர் வரும் இடம் வரை கொண்டுவந்து, மொத்தமாக உள்ளே மேலே தூக்குங்கள். தொடை ஒட்டக்கூடாது, பிட்டம் இறுகக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. சத்தமாக எண்ணினால் மூச்சு தானே ஓடும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆசனவாய்க்கும் யோனிக்கும் நடுவில் உள்ள பகுதி உள்ளே இழுபட வேண்டும். அந்த இடம் வெளியே பிதுங்கினால் செய்வது தலைகீழ். அன்றோடு நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை: ஒரு தடவைக்கு குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 தடவை. முதலில் 3 விநாடிதான் பிடிக்க முடிகிறது என்றால் 3 விநாடியே போதும். பிடித்த நேரத்துக்குச் சமமாகவோ இரண்டு மடங்காகவோ ஓய்வு கொடுத்து, வாரத்துக்கு ஒரு விநாடி கூட்டி, 10 விநாடி வரை கொண்டுபோகலாம். ஒவ்வொரு தடவையின் முடிவிலும் 8 முதல் 10 வேகமான சுருக்கங்கள். முழுதாக விடுவதும் சுருக்குவதைப் போலவே முக்கியம். படுத்துச் செய்ய வந்த பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சொல்வது பழைய யோசனை. பையை முழுதாகக் காலி செய்யும் பழக்கம் அதில் கெட்டுப்போகும்.

இதோடு சேர வேண்டியது இருமலுக்கு முந்திய இறுக்கம். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த கணத்திலேயே தசையைச் சுருக்கித் தூக்கி, தும்மி முடியும் வரை பிடித்திருப்பது. சிலிண்டரை நகர்த்தும்போது, குழந்தையைத் தூக்கும்போது, வாளியை எடுக்கும்போதும் இதேதான். லேசான அழுத்தக் கசிவு உள்ளவர்களில் சிலருக்கு ஒரு வாரப் பழக்கத்திலேயே இருமல் கசிவு குறைந்ததை 1998-ல் வந்த ஆய்வு காட்டியது. தசை பலமாவதற்கு முன்பே பலன் தரும் ஒரே பகுதி இது. இதைச் சொல்லித்தராத பயிற்சி வகுப்பு அரைகுறை.

சோதிக்கும் விரல் ஏன் வேண்டும் என்பது இங்கேதான். பிசியோதெரபிஸ்ட் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். 0 என்றால் அசைவே இல்லை, 1 லேசான துடிப்பு, 3 கொஞ்சம் தூக்கல், 5 விரலை இறுகப் பிடித்து உள்ளே இழுக்கும் பலம். 3 உள்ளவருக்கும் 0 உள்ளவருக்கும் ஒரே பயிற்சிச் சீட்டைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று, சிலருக்குத் தசை பலவீனமாக இல்லாமல் எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் ஆரம்பிக்கச் சிரமம், இடுப்புக்குள் தொடர் வலி இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அவர்களுக்குக் கெகல் வலியைக் கூட்டும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, அழுத்தக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதப் பயிற்சியை முதல் சிகிச்சையாக வைக்கிறது. எங்கள் மதிப்பீட்டிலும் கொடுக்கும் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுவே. முதல் சோதனை, 4-வது, 8-வது, 12-வது வாரங்களில் மறுபார்வை என்று நான்கு தடவை போனால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பயிற்சிக்குத் துணை என்று விற்கும் கருவிகளில் தொடைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவி ஆன்லைனில் அதிகம் கண்ணில் படும். அது உள்தொடைத் தசைக்கான பயிற்சி. இடுப்புத்தளத்துக்கு என்று வாங்க வேண்டாம். உள்ளே வைத்துக்கொண்டு போன் திரையில் படம் காட்டும் அழுத்தக் கருவிகள் கொஞ்சம் மேல், ஆனால் அவற்றில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே தூக்கினாலும் அழுத்தம் ஏறும், கீழே முக்கினாலும் அழுத்தம் ஏறும். திரையில் பந்து உயரே பறக்கும், தசையோ தப்பாகப் பழகிக்கொண்டிருக்கும். ஆகவே சரியாகச் சுருக்குகிறீர்கள் என்று ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே இதைத் தொட வேண்டும். அப்போதும் பயன் ஊக்கத்துக்கு மட்டும். பிரிட்டனில் 600 பெண்களை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஓபல் ஆய்வில், கருவியோடு பயிற்சி செய்தவர்களுக்கும் கருவி இல்லாமல் செய்தவர்களுக்கும் 24 மாத முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. எடைக் கூம்புகளும் (யோனிக்குள் வைத்துத் தசையால் பிடித்துக்கொள்ளும் சிறு எடைகள்) அப்படியே. வைத்துக்கொண்டு 15 நிமிடம் நடமாடும் அளவுக்குத் தசையில் பலம் இருக்கிறவருக்கு அது கட்டாயத் தேவை இல்லை, பலம் இல்லாதவருக்கு உள்ளே நிற்காது.

மின்தூண்டல் மெஷினுக்கு ஒரு உண்மையான இடம் உண்டு: மதிப்பீடு 0 அல்லது 1, எவ்வளவு முயன்றாலும் தசை எங்கே என்றே உணர முடியாதவர்கள். அழுத்தக் கசிவுக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ், அவசரக் கசிவுக்கு 10 ஹெர்ட்ஸ் அளவில், நாளுக்கு 20 நிமிடம். 5 விநாடி ஓடி 10 விநாடி நிற்கும்படி வைத்தால் தசை சோர்ந்துபோகாது. யோனிக்குள் வைக்கும் உள்முனையில் தண்ணீர்த் தன்மையுள்ள ஜெல் தடவி வைத்து, தசை தானே சுருங்குவது தெரியும் வரை மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். குத்தினாலோ எரிந்தாலோ அதிகம். மெஷின் சுருக்கும்போது கூடவே நீங்களும் சுருக்க வேண்டும், சும்மா படுத்திருந்தால் பாதிப் பலன்தான். ஒருவரின் உள்முனையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், ரத்தப்போக்கோ தொற்றோ இருப்பவர்கள் தொடக் கூடாது. தசை 2-க்கு வந்துவிட்டால் மெஷினை ஓரம் கட்டிவிட்டுப் பயிற்சிக்கு மாறலாம். அதனால் வாங்குவதைவிட வாடகைக்கோ கிளினிக்கிலோ பயன்படுத்துவது மேல்.

நம் ஊரில் மிகக் குறைவாக மதிக்கப்படும் பொருள் சிலிகான் வளையம். பெசரி என்று கேட்டால் பல பேருக்குக் கர்ப்பப்பை இறங்கிய பாட்டிக்கு வைக்கும் கறுப்பு ரப்பர் வளையம்தான் நினைவு வரும். அழுத்தக் கசிவுக்கானது வேறு. கையில் எடுத்தால் தெரியும்: வழவழப்பான மென் சிலிகான் வளையம், இரண்டு விரலால் அழுத்தினால் பாதியாக மடியும், விட்டால் வட்டத்துக்குத் திரும்பும், ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கட்டைவிரல் நுனி மாதிரி ஒரு குமிழ். அந்தக் குமிழ் முன்பக்க எலும்புக்குப் பின்னால், சிறுநீர்க் குழாயின் அடியில் உட்கார்ந்து, இருமும்போது குழாய்க்கு முட்டுக்கொடுக்கும். குமிழ் இல்லாத வெறும் வளையம் இறக்கத்துக்கானது. கசிவுக்கு அது உதவாது. சில பெண்களுக்கு இறங்கிய கர்ப்பப்பையை வளையம் மேலே தூக்கியதும், அதுவரை மடங்கி அடைத்திருந்த குழாய் நிமிர்ந்து, இல்லாத கசிவு புதிதாக ஆரம்பிக்கும். அதற்கும் குமிழ் வளையமே விடை.

அளவு பார்க்காமல் வாங்கக் கூடாது. டாக்டர் வைத்த பிறகு, வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். அங்கேயே எழுந்து நடந்து, படி ஏறி, குந்தி உட்கார்ந்து, இருமி, ஒருமுறை சிறுநீரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வைத்திருப்பது தெரியவே கூடாது. வலித்தால் பெரிது, நழுவினால் சின்னது. முதல் அளவே சரியாக அமைவது குறைவு, இரண்டு மூன்று மாற்றிப் பார்ப்பது சகஜம். வீட்டில் வைக்கும்போது ஜெல்லை உள்ளே போகும் முனையில் மட்டும் தடவுங்கள். விரலிலும் வளையம் முழுக்கவும் தடவினால் மடித்த வளையம் கையை விட்டுத் துள்ளிவிடும். குந்தி உட்காரும் கக்கூஸில் முக்கும்போது வெளியே வந்துவிடலாம், ஒரு விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை இரவில் எடுத்து, சாதா சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காலையில் வைத்தால் போதும். வேலைக்குப் போகும்போதோ விளையாடும்போதோ மட்டும் வைத்துக்கொள்வதும் சரியே.

கெட்டுப்போவது ஒரே விதத்தில்: மறந்துவிடுவது. தானே எடுக்க முடியாதவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் விட்ட வளையம் சுவரை அரித்துச் சிறுநீர்ப்பை வரை போனதுண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்திருப்பதால் யோனிக்குள் தடவும் ஹார்மோன் கிரீமான எஸ்ட்ரியால் கூடவே வேண்டும்: தினம் 0.5 மி.கி. என்று 2 வாரம், பிறகு வாரத்துக்கு 2 இரவு. வளையம் வைக்காதவருக்கும் இந்த கிரீம் அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்கும். வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை வேறு. அது கசிவை அதிகப்படுத்தும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கிரீமையும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும்.

அவசரக் கசிவுக்குப் பழக்கப் பயிற்சி முதலில், மாத்திரை பிறகு. நோட்டில் ஒரு மணிக்கு ஒருமுறை என்று இருந்தால், முதல் வாரம் 1 மணி 15 நிமிடம், அடுத்த வாரம் இன்னும் 15 நிமிடம் என்று கூட்டி, 3 மணி நேரம் வரை கொண்டுபோவது. குறைந்தது 8 வாரம் ஆகும். அவசரம் முட்டும்போது ஓடக் கூடாது. ஓடினால் பை இன்னும் குலுங்கிச் சுருங்கும். நின்ற இடத்தில் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ 5, 6 வேகச் சுருக்கம் கொடுத்து, மூச்சை மெதுவாக விட்டால் அலை இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போகலாம். "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று கிளம்பும்போதெல்லாம் போவது, பையைக் கொஞ்சத்துக்கே கூப்பிடப் பழக்குகிறது.

அது போதாதபோது சாலிஃபெனசின் 5 மி.கி. அல்லது மிராபெக்ரான் 50 மி.கி. தருவார்கள். பலன் தெரிய 4 வாரம் ஆகலாம், பத்தாவது நாளில் நிறுத்திவிடக் கூடாது. சாலிஃபெனசின் வாயை வறட்டும், மலத்தை இறுக்கும். வாய் வறண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் கசிவு திரும்பும். கண் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குப் பழைய ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரலாம். அறுபது எழுபது வயது அம்மாவுக்கு என்றால் மிராபெக்ரானைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 180/110-க்கு மேல் இருந்தால் கூடாது. மாத்திரையும் பிடிக்கவில்லை என்றால் கணுக்காலுக்கு மேல் மெல்லிய ஊசி குத்தி நரம்பைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது. வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். வலி குறைவு, அலைச்சல் அதிகம். சிறுநீர்ப்பைக்குள் போடும், அதன் தசையைத் தளர்த்தும் 100 யூனிட் போடாக்ஸ் ஊசி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சிலருக்குச் சிறுநீர் தேங்கி, கொஞ்ச நாள் தானே குழாய் போட்டு எடுக்க நேரும். அதற்குத் தயார் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

காந்த நாற்காலி பெரிய ஊர்களில் இப்போது பரபரப்பாக விற்கப்படுகிறது. எம்செல்லா என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஆடை களையாமல் உட்கார்ந்தால் 28 நிமிடத்தில் காந்த அலை தசையை ஆயிரக்கணக்கான தடவை சுருக்கும். வாரம் 2, மொத்தம் 6 தடவை. சோதனைக்கு வெட்கப்படும் பெண்ணுக்கு இது ஈர்ப்பாக இருப்பது புரிகிறது. சுருக்கம் நிஜம், சிலருக்கு முன்னேற்றமும் நிஜம். ஆனால் எந்தத் தசையை எப்போது இறுக்க வேண்டும் என்பதை நாற்காலி கற்றுக்கொடுக்காது, தும்மும் கணத்தில் அது கூட வராது. பிறகு பயிற்சியைத் தொடராவிட்டால் வந்த பலமும் போய்விடும். பேஸ்மேக்கர், இடுப்பில் உலோகம், காப்பர்-டி உள்ளவர்கள் உட்காரக் கூடாது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கும் இடத்தில் வேண்டாம். யோனி லேசரை ஒரே வரியில் முடிக்கலாம்: வேண்டாம். 2018 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகைக் கருவிகளால் தீக்காயம், தழும்பு, நீடித்த வலி வருவதைச் சொல்லி எச்சரித்தது.

உடல் எடை கூடியவருக்கு விலையில்லாத ஒரு சிகிச்சை இருக்கிறது. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிக எடையுள்ள பெண்கள் 6 மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தபோது வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் குறைந்தது 28 சதவீதம். 75 கிலோ உள்ளவருக்கு 6 கிலோ. அதுவரை மலச்சிக்கலைச் சரிசெய்தாலே தினமும் முக்கும் அழுத்தம் மிச்சமாகும்.

பலன் வரும் வரை பேட் தேவைப்படும். மாதவிடாய் பேடை இதற்கு வைக்காதீர்கள். அது கெட்டியான ரத்தத்தை மெதுவாக உறிஞ்சச் செய்தது. சட்டென்று வரும் சிறுநீர் அதன் மேலே ஓடி ஓரத்தில் வழிந்து, புடவைக் கொசுவம் வரை நனைக்கும். சிறுநீருக்கென்றே உள்ள பேடில் ஜெல்லாகும் தூள் இருக்கிறது, அளவு சின்னதாக இருந்தாலும் அதிகம் தாங்கும். நனைந்ததும் மாற்றி, தண்ணீரால் கழுவித் துடைத்து, வாசலினை விரலால் மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். அப்பிவிட்டால் அது பேடின் துளைகளை அடைத்து, பேடே உறிஞ்சாமல் போகும்.